வெறும் அடைப்புக்குறிதானே!

பத்து இலக்க செல் நம்பரில் மூன்று இலக்கத்தைக் காணோம் என்றால் யார் மேல் பழி போடுவீர்கள்? நான் பைத்தான் மேல் போட்டேன். அது பாவம், சொன்னதைத்தான் செய்தது.

ஒரு மளிகை மொத்த வியாபாரி. அவருடைய பாக்கிதாரர் பட்டியல், ஏரியாவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபைல். லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் இருக்கும் (044) என்பதை நீக்க வேண்டும். "கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலைதானே தம்பி?" என்றார். ரேட்டும் ஒரு நிமிஷ ரேட்தான்.

முதல் ஃபைலை விம் எடிட்டரில் திறந்து (044) என்று தேடி அழித்தேன். சுத்தமாகப் போனது. மீதிப் பதினொன்றுக்கும் பைத்தானில் நாலு வரி புரோகிராம். அதே ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதே (044). பழைய ஃபைல் மேலேயே எழுதச் சொல்லிவிட்டு, காப்பி எடுக்காமல் காபி குடிக்கப் போனேன். பி.காம். புத்தி!

திரும்பி வந்தால், லேண்ட்லைன்களுக்கு முன் காலி அடைப்புக்குறி பல்லிளிக்கிறது. அதாவது பரவாயில்லை. 984044 என்று ஆரம்பிக்கும் செல் நம்பர்கள் எல்லாம் ஏழு இலக்கமாக இளைத்துக் கிடந்தன.

விம்முக்கு வெறும் அடைப்புக்குறி என்றால் அடைப்புக்குறியேதான். 'உள்ளே இருப்பது ஒரு குழு' என்று சொல்ல, குறிக்கு முன் பேக்ஸ்லாஷ் போட வேண்டும். பைத்தானில் நேர் தலைகீழ். வெறும் குறிதான் குழு. பேக்ஸ்லாஷ் போட்டால்தான் நிஜ அடைப்புக்குறி. ஆகவே அது 044-ஐ எங்கே பார்த்தாலும் கொத்தியிருக்கிறது.

இது பழைய பங்காளித் தகராறு. கென் தாம்ஸன் யூனிக்ஸுக்கு எழுதிய 'எட்' எடிட்டரில் அடைப்புக்குறிக்கு விசேஷ அர்த்தமே கிடையாது. பிற்பாடு குழு வசதி வந்தபோது, இருக்கிற அர்த்தத்தைக் கெடுப்பானேன் என்று பேக்ஸ்லாஷை ஒட்டினார்கள். 1991-ல் வந்த விம் அந்த வம்சம். 1970-களில் ஆல்ஃப்ரட் ஏஹோ எழுதிய 'ஈக்ரெப்' வெறும் குறியையே குழுவாக்கியது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இந்தப் பக்கம்.

+91 என்று தேடியிருந்தால் பைத்தான், கூட்டல் குறிக்கு முன்னால் ஒன்றுமில்லையே என்று எர்ரர் சொல்லி நின்றிருக்கும். விம் அதை வெறும் கூட்டல் குறியாகவே எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறிதான் சத்தமில்லாமல் கழுத்தறுக்கிற ஜாதி. விம்மில் தேடும்போது முதலில் பேக்ஸ்லாஷ், அடுத்து சின்ன 'வி' போட்டால் அதுவும் கிட்டத்தட்ட பைத்தான் பாஷைக்கு வந்துவிடுமாம். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

044 போனது தெரிகிறது. நம்பரின் எந்த இடத்திலிருந்து போனது என்று ஃபைலுக்குத் தெரியாதே! பழைய பில் புக்குகளைப் புரட்டி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து முப்பத்தேழு நம்பர் தேற்றினேன். சந்தேகமான ஒன்றைச் சரிபார்க்கப் போன் செய்தேன்.

"பாக்கிக்குத்தானே பண்றே? ராங் நம்பர்!" என்று வைத்துவிட்டார்.