தொங்கல் கணக்கு

என் முதலாவது ஏ.ஏ.ரி. பரீட்சைக்கு ஆறு வாரங்கள் இருந்தன. இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பரீட்சை மீதி. வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் 1,800 ரூபாவால் ஒத்துவர மறுத்தன.

வணிகப் பிரிவில் படிக்காத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. ஒரு வியாபாரத்தின் பேரேட்டுக் கணக்குகள் எல்லாவற்றினதும் மீதிகளை இரண்டு பக்கமாக எழுதிக் கூட்டிப் பார்ப்பதுதான் பரீட்சை மீதி. இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும். சமப்படாவிட்டால் எங்கோ ஒரு வழு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். (பெயரிலேயே பரீட்சையை வைத்தவர் யாரோ, எங்கள் மனதை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.)

வழுவைப் பிடிக்கச் சில வழிகளை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வித்தியாசத்தை இரண்டால் வகுத்து 900 என்ற தொகை எங்காவது தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. 1,800 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியானால் ஏதோ ஒரு தொகையில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அதையும் தேடினேன். எதுவும் கண்ணில் படவில்லை. மூன்றாம் தடவை கூட்டியபோது முந்தைய விடை கூட வரவில்லை. அடுத்த நாள் பாடசாலையில் பொருளியல் ஒப்படை கொடுக்க வேண்டும், வணிகக் கல்விப் பரீட்சை ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை கண்டி வகுப்பில் மாதிரி வினாத்தாள். எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. நான் அழத் தொடங்கினேன். சத்தம் கேட்டு உம்மா எழும்பி வந்தார். “மகள், இன்னம் படுக்கல்லையா? ஏன் அழுறீங்க?” என்று கேட்டார். “1,800 ரூபா வருதில்ல உம்மா” என்றேன். யாருக்கோ கடன் கொடுத்துவிட்டேன் என்றுதான் பாவம் உம்மா முதலில் நினைத்தார்.

இந்த நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வகுப்பில் பாதிப்பேர் இதே வழியில்தான் வந்திருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பெறுபேறு வரும் வரை சில மாதங்கள் கையில் கிடைக்கின்றன. “சும்மா இருக்காமல் ஏ.ஏ.ரி. செய்யுங்க” என்று எல்லோரும் சொல்வார்கள். 1987இல் இலங்கையில் தொடங்கப்பட்ட இந்தக் கற்கைநெறியைத் தமிழ் மொழியிலும் செய்யலாம். இதை முடித்தால் பட்டயக் கணக்காளர் படிப்பு போன்ற அடுத்த படிகளுக்கும் போகலாம். நல்ல யோசனைதான். நானும் சேர்ந்தேன். ஆனால் பெறுபேறு வந்து உயர்தர வகுப்பு தொடங்கியபோது ஏ.ஏ.ரி. முடிந்துவிடவில்லை. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று உயர்தரத்தின் மூன்று பாடங்கள் அதன் மேல் வந்து விழுந்தன.

ஏன் விடவில்லை என்று கேட்டால் பயம்தான் பதில். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது. 40 சதவீத இடங்கள் திறமை அடிப்படையிலும் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுகின்றன. தகைமை பெற்ற எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் கையில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தால் மாமிமார் வேறு பேச்சை எடுத்துக்கொண்டு வருவார்கள். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அந்தப் பேச்சு கொஞ்சம் தாமதித்து வரும். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆனால் வகுப்பின் கடைசி வாங்கில் எல்லோருக்கும் தெரியும்.

தாங்க முடியவில்லை என்று சொன்னால் எங்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். “ஒரு நேரசூசி போடுங்க.” நானும் போட்டேன். ஐந்து நிறப் பேனைகளால் போட்டேன். அவ்வளவு அழகான நேரசூசியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை மேசைக்கு மேலே ஒட்டினேன், முதல் நாளே பின்தங்கினேன், பின்பு அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வந்தது. இங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. நேரசூசி என்பது ஒரு பாதீடு. என்ன நடக்க வேண்டுமென்று நாம் ஆசைப்படுகிறோம் என்பதை அது சொல்லும், என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. நடப்பதைப் பதிய நாளேடு வேண்டும். கணக்கீடு படிக்கிற நாங்களே இதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு வாரம் முழுவதும் நான் எதையும் மாற்றாமல், ஒவ்வொரு மணித்தியாலமும் எங்கே போகிறது என்று ஒரு பழைய கொப்பியில் எழுதினேன். வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுப் போய்ப் பாடசாலை முடிந்து திரும்புவது வரை 39. உயர்தரப் பாடங்களின் மேலதிக வகுப்புகள் 12. ஏ.ஏ.ரி. வகுப்பு இரண்டு பாடத்துக்கும் 8. அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை ஊடாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளங்கும், வகுப்புகளுக்கான பயணம் மட்டும் 8. தொழுகை, சாப்பாடு, குளிப்பு எல்லாம் சேர்ந்து 21. வீட்டு வேலை 10. தூக்கத்தை நாளுக்கு 7 என்று வைத்தால் 49. கூட்டினால் 147. மிச்சம் 21.

என் ஐந்து நிற நேரசூசி என்னிடம் கேட்ட சுயபடிப்பு எவ்வளவு தெரியுமா? 45.

குறைவது 24. அதாவது சரியாக ஒரு முழு நாள். என் நேரசூசிக்கு வாரத்தில் எட்டு நாட்கள் தேவைப்பட்டிருக்கின்றன. நான் அதைத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். 7 மணித்தியாலத் தூக்கத்தை 4 ஆக்கினால் வாரத்துக்கு 21 கிடைக்கும். அப்போதும் 3 குறைகிறது! அந்த 3 மணித்தியாலத்துக்காகத்தான் நான் இரண்டு மாதமாக என்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை வாப்பாவிடம் காட்டினேன். அவருக்கு ஏ.ஏ.ரி. தெரியாது, சாதாரண தரத்தோடு கடைக்கு வந்தவர். ஆனால் 2022ஐ அவர் கடந்து வந்தார். அப்போது நான் சின்னப் பிள்ளை. எங்கள் பிளாஸ்டிக் சாமான் கடைக்குச் சரக்குத் தருபவர்கள் கடனுக்குத் தர மாட்டோம் என்றார்கள், பழைய கடனையும் உடனே கேட்டார்கள். நாங்கள் கொடுத்த கடனோ திரும்பி வரவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி நாடே வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஒருநாள் இரவு வாப்பா ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுதும் வரைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதிய பின்பு கடன் ஒரு சதம் கூடக் குறையவில்லை, ஆனால் அன்று அவர் தூங்கினார். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதாகவே இருப்பதை மௌலவி சொன்னபோது, எனக்கு நினைவு வந்தது அந்தக் கலண்டர் தாள்தான்.

என் கொப்பியைப் பார்த்துவிட்டு வாப்பா கேட்டார், “இதுல எதப் பொறகு குடுக்கலாம்?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் எப்படிச் செய்யப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். உயர்தரத்தைப் பிற்போட முடியாது, பாடசாலையை முடியாது. ஆனால் ஏ.ஏ.ரி. பாடங்கள் இரண்டில் ஒன்றை அடுத்த தவணைக்கு வைக்கலாம். எனக்கு அது தோல்வி மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். வாப்பா சொன்னார், “நாளைக்குத் தாறன் என்டு சொல்லப் போடாது மகள். நாளைக்கி என்டா பொய். பதினஞ்சாந் தேதி என்டு சொல்லோணும், அதுதான் கணக்கு.”

கணக்கீட்டில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பரீட்சை மீதி சமப்படாவிட்டால் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு அழுவதில்லை. வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கு என்ற ஒரு கணக்கில் தற்காலிகமாக எழுதிவிட்டு, மேலே வேலையைத் தொடருகிறோம். அந்தத் தொகையை மறைப்பதில்லை, பெரிய எழுத்தில் ஏட்டிலேயே நிற்கும். வழு அகப்பட்டதும் அதைத் திருத்தி அந்தக் கணக்கை மூட வேண்டும். நாங்கள் இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறோம், எங்கள் வாழ்க்கையில் மட்டும் எல்லாம் இன்றிரவே சமப்பட வேண்டும் என்று நிற்கிறோம்.

ஒரு பாடத்தைத் தள்ளி வைத்ததில் வகுப்பும் பயணமுமாக 7 மணித்தியாலங்கள் திரும்பி வந்தன. அதற்காக நேரசூசியில் இருந்த 10உம் தேவையற்றுப் போயின. இப்போது 35 வேண்டும், 28 இருக்கிறது. இன்னும் 7 குறைவுதான், மறைக்க மாட்டேன். அந்த 7 ஒருநாளும் நடக்கப் போவதில்லாத ஆசை. அழித்துவிட்டேன்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, அது நியாயமானதும் கூட. தள்ளி வைத்தவர்கள் பலர் திரும்பி வருவதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா “உயர்தரம் முடியட்டும்” என்று வைத்த புத்தகங்கள் இன்றும் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. திகதி போடாத தொங்கல் கணக்கு அறவிட முடியாக் கடனாகிவிடும். “ரிலாக்ஸாக இரு, எல்லாம் சரிவரும்” என்று சொல்பவர்களோடு எனக்கு இதனால்தான் உடன்பாடில்லை. தானாக எதுவும் சரிவராது, யாராவது உட்கார்ந்து சரிப்படுத்த வேண்டும். நான் கேட்பது ஓய்வு அல்ல, தவணை.

பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறாள், புள்ளிகள் வருகின்றன, ஆகவே எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். பரீட்சை மீதி சமப்பட்டாலும் அதற்குள் வழு இருக்கலாம் என்பது எங்கள் பாடம். ஒரு கொடுக்கல் வாங்கலை இரண்டு பக்கத்திலும் பதியாமலே விட்டுவிட்டால் மீதி அழகாகச் சமப்படும். அதை விடு வழு என்போம். எனக்குத் தெரிந்த ஒருத்தி ஒவ்வொரு தவணையிலும் முதலாவதாக வருபவள். பகல் சாப்பாட்டைச் சாப்பிடாமல் அந்த நேரத்தில் வினாத்தாள் செய்கிறாள் என்பது அவள் மயங்கி விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலும் பதிவில்லை.

அதேபோல், பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதை முதலாம் தடவைக்கு முன்பே எங்களுக்கு வெட்கமில்லாமல் சொல்லித் தாருங்கள். அதைச் சொன்னால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே கதவுதான் என்று நினைத்து ஓடும்போது கதவடியில் விழுபவர்களே அதிகம்.

நான் ஒரு பாடம் தள்ளி வைத்த செய்தி எப்படியோ குடும்பத்துக்குள் பரவியது. ஒரு மாமி “பெயிலா?” என்று கேட்டார். இல்லை மாமி, தொங்கலில் இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அன்று விளக்கவும் எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்த 1,800? உம்மா புத்தகத்தை மூடி என்னைப் படுக்க வைத்த இரவுக்கு அடுத்த நாள், ஸுபஹ் தொழுதுவிட்டுத் திறந்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. காப்புறுதிச் செலவு 5,300ஐ நான் 3,500 என்று எழுதியிருந்தேன்.

தள்ளி வைத்த பாடத்துக்கான விண்ணப்பத்தைப் போன கிழமை நிரப்பினேன். மேசைக்கு மேலே நேரசூசி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பாடத்தின் பெயரும் பரீட்சைத் திகதியும் மட்டும் ஒட்டியிருக்கின்றன. வாப்பா கட்டணத்தை எண்ணித் தந்துவிட்டுத் தன் கடைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். செலவு என்று எழுதியிருந்தார். இன்னும் பரீட்சை நடக்கவில்லை, இப்போதைக்கு முற்பணம் என்று எழுதுங்கள் என்றேன். சிரித்துவிட்டு வெட்டி எழுதினார்.