பெற்றோல் வரும் வழியே போய்ப் பாருங்கள்

மோட்டார் சைக்கிள் என்றால் அது ஆண்களின் விடயம், அதன் கோளாறெல்லாம் கராஜ் பாஸுக்குத்தான் விளங்கும் என்று ஒதுங்கிக்கொள்ளும் சகோதரிகள் நம்மில் அநேகர். ஆனால் அது ஒரு நாள் நின்றுவிட்டால் பிள்ளையின் பாடசாலைப் பயணம் நிற்கிறது, கடைக்குச் சாமான் வருவது நிற்கிறது. திருத்தக் கொடுக்கும் காசும் வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய காசிலிருந்துதான் போகிறது. ஆகவே இது வீட்டு விடயமும்தான்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடா நாடொன்றில் தொழில் பார்க்கிறார். அவர் விட்டுச் சென்ற பழைய ஹொண்டா சி.டி. 125 எட்டு மாதமாகத் தாழ்வாரத்தில் மூடிக் கிடந்தது. இப்போது மகன் வேலைக்குப் போக அதை எடுத்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது. "காபரேட்டர் முடிந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்று கராஜில் சொன்னார்களாம். போடுவதா, வேண்டாமா என்பது சகோதரியின் கேள்வி.

பார்க்காமல் போட வேண்டாம் என்பதே நமது பதில். பாடம் விளங்காத மாணவனுக்குப் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? எந்த வரியில் தடுமாறுகிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். அதில் பெற்றோல் வரும் வழி நேரானது. மேலே டேங்க், அதன் அடியில் டெப், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், பின்னர் காபரேட்டர், அதன் பின் எஞ்சின். இடையில் பம்ப் எதுவும் இல்லை. பெற்றோல் தன் பாரத்தினால் தானாகவே கீழே இறங்குகிறது. எங்கே தடைப்பட்டது என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பெற்றோலின் ஆவி காற்றை விடப் பாரமானது. அது நிலத்தோடு ஊர்ந்து சென்று, சற்றுத் தூரத்திலுள்ள அடுப்பிலோ நுளம்புத் திரியிலோ பற்றிக்கொள்ளும். ஆகையால் இந்த வேலையைக் குசினிப் பக்கமோ வீட்டினுள்ளோ செய்யக் கூடாது. பகல் வெளிச்சத்தில், திறந்த முற்றத்தில், பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவுமே தவிர அணையாது.

முதலாவது, குற்றம் பெற்றோலிலா நெருப்புப் பொறியிலா என்று அறிய வேண்டும். வண்டி நின்றவுடன், சூடு கையைச் சுடாதபடி கவனமாகப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது பெற்றோல் அளவுக்கு மீறி வருகிறது. சூடேறியதும் கொயில் பழுதாகி நிற்கும் வண்டிகளும் உண்டு. அவையும் ஆறியதும் ஓடும். இதைப் பாராமல் காபரேட்டரைக் குற்றம் சொல்வது நியாயமன்று. சி.டி. 125 இல் பிளக் இரண்டு, காபரேட்டர் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாவிட்டால், இரண்டுக்கும் பொதுவான காபரேட்டர் மீது சந்தேகம் கொள்வதற்கு முன் அந்தப் பக்கத்துப் பிளக்கையும் வயரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, டேங்கின் மூடி. அதில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் உண்டு. தூசியும் துருவும் அதை அடைத்தால், பெற்றோல் இறங்க இறங்க உள்ளே காற்றில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆகிவிட்டால் நோய் அங்கேதான். துவாரத்தைச் சுத்தம் செய்யக் காசு எதுவும் தேவையில்லை.

மூன்றாவது, டெப். காபரேட்டர் பக்கத்தில் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் பிடித்து டெப்பைத் திறவுங்கள். பெற்றோல் நிற்காமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது முதலில் ஓடிப் பின் மெலிந்தால், டேங்கின் துருவும் அழுக்கும் டெப்பின் சல்லடையில் படிந்திருக்கிறது. ஓடும்போது அழுக்கு வந்து ஒட்டும், நிறுத்தினால் கீழே உதிரும். "நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது" என்பதன் இன்னொரு காரணம் இதுவே. குழாய் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் காபரேட்டர். அதன் அடிக் கிண்ணத்தில் பெற்றோலை வடிக்க ஒரு ஸ்குரூ இருக்கும். வடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துப் போல உருண்டு நிற்கும். துரு இருந்தால் செம்மண்ணாகத் தெரியும். வார்னிஷ் போல மணந்தால் பெற்றோல் பழையது. மாதக்கணக்கில் கிடக்கும் பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகி, மயிரிழை போன்ற ஜெட் துவாரங்களை அடைக்கும். சோக் போட்டால் மட்டும் ஓடி, அக்சிலேட்டரை விட்டதும் நின்றால் சிறிய ஜெட் அடைபட்டிருக்கலாம். நின்ற இடத்தில் நன்றாக ஓடி, வேகமெடுக்க மறுத்தால் பெரிய ஜெட். இவை பெரும்பாலும் கழுவிக் காற்றடித்தால் சரியாகும். ஆனால் கம்பியால் குத்த விட வேண்டாம். ஜெட் பித்தளையால் ஆனது. துவாரம் பெரிதானால் பிறகு பெற்றோல் குடிக்கும்.

காபரேட்டரிலிருந்து பெற்றோல் வெளியே சொட்டினால், உள்ளே மிதவையோ அதன் ஊசியோ சரியாக மூடவில்லை. அந்தப் பெற்றோல் எஞ்சின் ஒயிலிலும் கலக்கலாம். ஒயில் மட்டம் ஏறி, பெற்றோல் மணந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஊசியைத் திருத்தி, ஒயிலையும் மாற்ற வேண்டும். இரவில் டெப்பை மூடி வைக்கும் பழக்கம் இதிலிருந்து காக்கும்.

கடிதம் எழுதிய சகோதரி, எட்டு மாதப் பழைய பெற்றோலை முழுதாக வடித்துவிட்டு, மூடியையும் டெப்பையும் பார்த்து, புதுப் பெற்றோல் ஊற்றிப் பார்க்கட்டும். பின்பும் நின்றால் காபரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லட்டும். புதியது வாங்குவது கடைசி வழி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2022 இல் பெற்றோல் செட்களில் இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த நாட்களில் பல வீடுகளில் பெற்றோலைச் சோடாப் போத்தல்களில் சேமித்தார்கள். நெருக்கடி போயும் சில வீடுகளில் அந்தப் பழக்கம் போகவில்லை. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்குப் போத்தலைத்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. வடித்த பெற்றோலையும் அப்படி வைக்காதீர்கள். தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். டேங்கிலிருந்து குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

இவ்வளவையும் நீங்களே கழற்றிப் பூட்ட வேண்டும் என்பதில்லை. மகனோ தம்பியோ செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு கராஜுக்குப் போகும்போது, "வண்டி ஓடுதில்ல, பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், "நின்றதும் பிளக் காய்ந்திருந்தது, மூடியைத் திறந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, டெப்பில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது" என்று சொல்லி அனுப்புங்கள். நேர்மையான பாஸுக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். நேர்மையில்லாதவருக்கோ, இந்த வீட்டில் விடயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.