துறவியர் கட்டிய களஞ்சியம்

இங்கிலாந்து நாட்டுப் பேராலயங்களைப் புகழ்வோர் பலர். இம்மாதம் நாம் வாசக அன்பர்களை ஒரு தானியக் களஞ்சியத்திற்கு அழைத்துச் செல்கிறோம். ஆக்ஸ்போர்டுஷையரில், பாரிங்டன் நகருக்கு அருகே, கிரேட் காக்ஸ்வெல் என்னும் சிற்றூரில் அது நிற்கிறது.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னர் பாரிங்டன் நிலங்களைச் சிஸ்டர்சியன் துறவியர்க்கு வழங்கினார். தெற்கே பியூலியில் அவர்களது மடம் எழுந்த பின்னரும் இந்நிலங்கள் மடத்துப் பண்ணையாகவே இருந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது இக்களஞ்சியம். இதனைத் தசமபாகக் களஞ்சியம் என்று பலர் எழுதிவிட்டனர், அது பொருந்தாது. குடியானவரிடம் பத்தில் ஒன்றாகப் பெற்ற தானியமன்று, மடத்தின் சொந்த வயல்களில் விளைந்த தானியமே இங்குச் சேர்ந்தது. வாங்கியதும் விளைத்ததும் ஒன்றாகிவிடுமா?

நீளம் 152 அடி, அகலம் 44 அடி, உயரம் 48 அடி. புறச்சுவர்கள் காட்ஸ்வோல்டு வட்டாரக் கல்லால் ஆனவை. தடித்த முட்டுச்சுவர்கள் அவற்றைத் தாங்குகின்றன. உள்ளே நுழைந்தால் ஆலயத்தினுள் நுழைந்தாற்போலத் தோன்றும். இருமருங்கும் வரிசையாக ஓக் மரத் தூண்கள். நடுவே அகன்ற கூடம், பக்கங்களில் ஒடுங்கிய இடைகழிகள். தூண்கள் தரையில் ஊன்றப்படவில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு அடி உயரக் கற்பீடத்தின்மீது நிற்கிறது. மண்ணின் ஈரம் மரத்தின் அடியை அரித்துவிடும் என்பதைத் தச்சர் நன்கு அறிந்திருந்தனர். கூரையோ ஓட்டுக்குப் பதிலாகக் கற்பலகை வேய்ந்தது. இறவாரத்தில் பெரிய பலகைகள், முகட்டை நோக்கிச் செல்லச்செல்லச் சிறியவை. அப்பெரும் பாரத்தின் பெரும்பகுதியைத் தூண்களே சுமக்கின்றன.

பக்கச் சுவர்களில் எதிரெதிரே வாயில் மண்டபங்கள் உள்ளன. கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி உள்ளேயே வந்து நிற்கலாம். இத்தகைய களஞ்சியங்களில் குளிர்காலத்தில் கதிரடித்து, இரு கதவுகளையும் திறந்துவிட்டுத் தூற்றுவர். ஊடே பாயும் காற்று பதரைக் கொண்டுபோகும். நம் களத்துமேட்டு உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் பியூலி மடம் கலைக்கப்பட்டது. அதன் பேராலயத்தை இடித்தனர். கற்களுள் பல கடற்கரைக் கோட்டைகளுக்குச் சென்றன. துறவியர் உணவருந்திய கூடம் ஆங்கிலிக்கன் பங்கு ஆலயமாயிற்று. காக்ஸ்வெல் களஞ்சியத்தை எவரும் தொடவில்லை. புதிய நிலக்கிழார்க்கும் அறுவடையை வைக்க இடம் வேண்டியிருந்ததே!

19-ஆம் நூற்றாண்டில், அருகே கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞர் இதனைப் பேராலயங்களுக்கு இணையாக மதித்தார். தம்மை நாடி வந்த நண்பர்களை இங்கு அழைத்து வருவார். 1956-இல் இது நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் காப்பில் வந்தது. இப்போது உள்ளே தானியம் இல்லை. தூண்கள் மட்டும், பெரும்பாலும் துறவியர் காலத்து அதே ஓக் மரங்கள், கூரையைச் சுமந்து நிற்கின்றன.