வர்ணம் தீட்டிய தெருக்கள்

நகரப் படத்தில் குற்றத்திற்கு வர்ணம் தீட்டுவதை விஞ்ஞானமென்று மெச்சும் கனவான்களே! 1889இல் சார்லஸ் பூத் என்பார் லண்டன் நகரின் வறுமைப் படத்தை வெளியிட்டார். வர்ணங்கள் ஏழு. பெருஞ்செல்வர் தெரு மஞ்சள். கடையர் தெரு கறுப்பு. கறுப்பின் பொருள் யாது? அங்கு வாழ்வோர் தீயொழுக்கத்தினர், பாதிக் குற்றவாளிகள் என்பதாம். அத்தெருவில் பிறந்த கைக்குழந்தையும் அக்கணக்கில் அடக்கம்! நம் வருணாசிரமத்தார் கண்டிருப்பின் கைகூப்பியிருப்பர். மஞ்சள் தெருவிலிருந்துகொண்டு கம்பெனிப் பணத்தை விழுங்குவோனுக்கு அப்படத்தில் ஏது புள்ளி?

இன்று கணிப்பொறி வரையும் படமும் பெரும்பாலும் போலீசில் பதிவான புகார்களையே நம்பி நிற்கிறது. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பட்டணம் புகுந்த நம்மவர் பலர், முதலில் புறம்போக்குக் குடிசைகளிலும் பின்னர் மலிவு அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினர். அங்குள்ள ஒருத்தியின் தாலிச்சங்கிலி பறிபோனால், ஒரு நாட்சம்பளத்தை இழந்து ஸ்டேஷன் வாசலில் காத்து நிற்க அவளால் இயலுமா? புகாரில்லையேல் புள்ளியுமில்லை. அவள் குடியிருப்பைக் கண்டதும் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் பெரிய மனிதரின் அச்சமோ, பொதுமக்கள் கருத்தென்று சபையேறுகிறது! இரவு வேலை முடிந்து வருகிறவள் எந்த முடுக்கில் நடுங்குகிறாளென்று எவரேனும் அவளைக் கேட்டதுண்டா? கேட்கட்டும். அவள் காட்டும் இடத்தில் நகராண்மைக் கழகத்தார் முதலில் ஒரு விளக்குக் கம்பம் நடட்டும். வர்ணத்தைப் பிறகு தீட்டலாம்.