ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?

கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். ஒரு பொருள் பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலம் அது. இயற்பியல் ஆசிரியனான நான் ஒரு மருந்தைப் பற்றி எழுதத் துணிந்தது இந்தச் சொல்லின் துணையால்தான்.

ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்து வரும் முறையை, 1960களில் நியூயார்க் நகரில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தனர். "மெத்தடோனும் அபினைப் போலவே செயல்படுவதுதானே? ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று அன்று பலர் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஹெராயின் உடலுக்குள் சென்றதும் விரைவில் மார்பினாக மாறிவிடுகிறது. மார்பினின் அரை ஆயுட்காலம் 2 முதல் 3 மணி நேரம். 3 மணி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் எட்டு முறை பாதியாகி, 256இல் 1 பங்குதான் எஞ்சும். மெத்தடோனுக்கோ இக்காலம், ஆளுக்கு ஆள் மாறினாலும், சராசரியாக ஒரு நாள் எனலாம். எனவே மறுநாள் மருந்து உட்கொள்ளும்போதும் பாதி எஞ்சியிருக்கும்.

இந்த வேறுபாடு சிறிதன்று. ஹெராயினின் அளவு இரத்தத்தில் திடீரென ஏறி, விரைவில் சரிகிறது. சரியும்போதெல்லாம் உடல்வலி, வாந்தி, நடுக்கம். அவற்றுக்கு அஞ்சியே அவர் மீண்டும் ஊசியைத் தேடுகிறார். மெத்தடோனின் அளவோ பெரிதும் ஏறி இறங்குவதில்லை. மருத்துவர் சரியாகக் கணித்த அளவில் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. அவர் வேலைக்குப் போகலாம்; குடும்பத்தோடு வாழலாம்.

அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரான்சில் 1995 முதல் சாதாரண மருத்துவர்களும் புப்ரினார்பின் என்னும் இதே நோக்கமுடைய மருந்தைத் தர முடிந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில், போதைப்பொருள் மிகையால் நேர்ந்த இறப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மெத்தடோன் விளையாட்டுப் பொருளன்று. அளவு மீறினால் உயிரையே பறிக்கும்; மருத்துவரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். மருந்தோடு அன்பும் ஆலோசனையும் வேண்டும் என்பதும் உண்மையே.

"மன உறுதி இருந்தால் மருந்து எதற்கு?" என்று யாரேனும் உங்களிடம் கேட்டால், கோபப்படாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இந்த இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் தரையில் எவ்வளவு உறுதியுள்ளவரும் நிற்க முடியாது என்பது அவருக்கே விளங்கும்.