காகிதம் போகலாம், கணக்கு போகலாகாது

சாலைக் கடைத்தெருவில் நமக்கு வேண்டிய இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடித் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகள் வீடுவீடாக ஏறி இறங்கிப் பாலிசி சேர்த்தவர். பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடியறை, இரண்டு இரும்பு பீரோக்கள், மூன்று மரப்பெட்டிகள். இவ்வளவே அவருடைய ஆபீஸ். சென்ற ஆண்டு அவர் காலமானார். மகனும் அதே தொழிலில் இருப்பதால் அறை இன்னும் மூடப்படவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மகன் நம் வீட்டிற்கு வந்தார். "அண்ணாச்சி, இப்போது எல்லாம் கணினியிலேயே நடக்கிறது. அப்பாவின் காகிதங்களை ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அறை வாடகையாவது மிஞ்சும். நீங்கள் இரயில்வே ஆபீஸில் கோப்புகளோடு பழகியவர்கள். ஒருநாள் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது" என்றார்.

போனோம். அந்த ஒருநாள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக நீண்டுவிட்டது. அங்கே நாம் கண்டது நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பயன்படக்கூடியது என்று தோன்றியதால் இம்மாதம் அதையே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மகன் சொன்னதில் தவறில்லை. காலம் அந்தத் திசையில்தான் போகிறது. 1956-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியது. 245 நிறுவனங்களின் பேரேடுகளும் தஸ்தாவேஜுகளும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் வந்து குவிந்தன. அந்தக் குவியலை ஆள்வதற்கு 1964-லேயே அங்கே கணிப்பொறி நுழைந்தது. 2013 செப்டம்பரில், பாலிசிகளை மின்வடிவில் சேர்த்து வைக்கும் இன்ஷூரன்ஸ் காப்பகங்கள் நாட்டில் தொடங்கப்பட்டன. ஒருவர் தம் பெயரில் ஒரு மின்கணக்கைக் கட்டணமின்றித் திறந்து, பல நிறுவனங்களின் பாலிசிகளையும் அதில் வைத்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரல் 1 முதல் புதிய பாலிசிகள் மின்வடிவிலேயே வழங்கப்பட வேண்டும் என்பது விதி. காகிதப் பிரதி வேண்டுவோர் கேட்டுப் பெறலாம்.

காகிதத்தின் பலவீனத்தையும் நாம் நேரில் கண்டவர்கள். 2018 ஆகஸ்ட் மாதத்துப் பெருவெள்ளத்தில் கேரளத்தின் எத்தனையோ வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் சேறாகிப் போயின. வெள்ளம் வடிந்த பிறகு, இழந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்குவதற்கென்றே அரசு அதாலத்துகள் நடத்த வேண்டியதாயிற்று. கணினியில் பதிவு இருந்தவர்களுக்கு அலைச்சல் குறைந்தது. ஆகவே காகிதத்தை விட்டு மாறுவதா, வேண்டாமா என்பது கேள்வியன்று. எப்படி மாறுவது என்பதே கேள்வி.

மாடியறைக்குப் போன முதல் ஞாயிறன்று, மகன் ஏற்கனவே ஸ்கேன் செய்து முடித்திருந்த ஒரு பிரீமியம் நோட்டை எடுத்து, கணினியில் உள்ள படத்தையும் மூலத்தையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் நின்றுவிட்டோம். வாழைக்குலை வியாபாரி ஒருவர் 1994-இல் எடுத்த இருபதாண்டுப் பாலிசியின் எண்ணும் தவணைக் கணக்கும் அந்தத் தாளின் முன்பக்கத்தில் இருந்தன. அவை படத்திலும் இருந்தன. தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் பென்சிலால் பெரியவர் எழுதிய இரண்டு வரி: "கடையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். மகளை வள்ளியூரில் கொடுத்திருக்கிறது." கீழே மருமகனுடைய கடை இருக்கும் தெரு. ஸ்கேன் செய்த பையன் முன்பக்கத்தை மட்டுமே எடுத்திருந்தான். அந்த நோட்டு மறுநாள் எடைக்குப் போகக் காத்திருந்தது.

விசாரித்தோம். வியாபாரியும் அவர் மனைவியும் இன்று உயிரோடு இல்லை. பாலிசி 2014-இல் முதிர்ந்திருக்கிறது. எவரும் பணம் பெறவில்லை. நிறுவனத்தின் கடிதங்கள் அவர் காலி செய்துபோன சாலை முகவரிக்கு வந்து திரும்பியிருக்க வேண்டும். இப்படியொரு பாலிசி இருந்ததே மகளுக்குத் தெரியாது. பென்சிலில் எழுதிய அந்த இரண்டு வரிதான் அவரிடம் நம்மைக் கொண்டு சேர்த்தது.

அன்றைக்கே ஒரு முடிவு செய்தோம். ஸ்கேன் செய்வதற்கு முன் பட்டியல். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எவருடையது, எந்த ஆண்டினது, இரு பக்கமும் எழுத்து உண்டா என்று ஒரு பேரேடு எழுதிவிட்டு, பிறகே இயந்திரத்தைத் தொடுவது. 2020 ஆகஸ்ட் 25 அன்று நம் நகரத்து அரசுச் செயலகத்தின் ஒரு பிரிவில் தீப்பிடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்னென்ன எரிந்தன, எவற்றுக்கு மின்நகல் உண்டு என்பதைப் பற்றி எழுந்த வாதம் எளிதில் அடங்கவில்லை. அந்த வாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. இருப்பது இன்னதென்று முன்கூட்டியே எழுதி வைத்தவனே இழந்தது இன்னதென்று சொல்ல முடியும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பட்டியல் எழுதிய பின் காகிதங்கள் தாமாகவே மூன்று குவியலாகப் பிரிந்தன.

முதற்குவியல், பிறர் சொத்து. வாடகை வீட்டில் பத்திரமாக இருக்காது என்று அஞ்சி, நம்மவர்களில் பலர் மூலப் பாலிசிப் பத்திரத்தையே பெரியவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். காகிதத்தில் வழங்கப்பட்ட பழைய பாலிசிக்குப் பணம் கோரும்போது மூலப்பத்திரத்தைக் கேட்பது வழக்கம். தொலைந்துபோனால் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டிவரும். அவற்றைப் படமெடுத்துவிட்டுக் கிழிக்க ஏஜெண்டுக்கு உரிமை ஏது? உரியவரைத் தேடிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவதே முறை. ஒரு பெட்டியின் அடியில் ஒருவருடைய உயிலும் கிடந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்பதிவுகளுக்குச் சட்ட மதிப்பு அளித்தபோதும் உயிலை அதிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. உயிலின் படம் உயிலாகாது.

இரண்டாம் குவியல், தொழிற்கணக்கு. பிரீமியம் நோட்டுகள், விண்ணப்ப நகல்கள், ரசீது அடிக்கட்டைகள், கடிதப் போக்குவரத்து ஆகியவை இதில் அடங்கும். இன்ஷூரன்ஸ் தரகர்களும் ஏஜென்சி நடத்தும் நிறுவனங்களும் தம் கணக்குகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், கோர்ட்டில் நிலுவையிலுள்ள கோரிக்கைகளின் தாள்களை வழக்கு முடியும் வரை காக்க வேண்டும் என்றும் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. தனி ஏஜெண்டும் அதையே அளவாகக் கொள்வது நல்லது. இவற்றை ஸ்கேன் செய்யலாம். இரு பக்கமும் செய்ய வேண்டும். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பிரதிகள் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே அறையில் இருத்தலாகாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாலிசி எண்ணை முன்னிட்டு வைத்தால் பத்தாண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். ஸ்கேன் இயந்திரம் தானாக இடும் பெயரோடு விட்டுவிட்டால், பெட்டியை விட்டுப் பெட்டிக்குள் புதைத்ததாகவே முடியும்.

மூன்றாம் குவியல், வைத்திருக்கவே வேண்டாதவை. ஆதார் நகல்கள், வருமானச் சான்றுகள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவை வந்த வேலை முடிந்தும் பிரதி பிரதியாகக் கிடந்தன. இவற்றைத்தான் மகன் எடைக்குப் போட நினைத்திருந்தார். சங்குமுகம் கடற்கரையில் நாம் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது எவரோ ஒருவருடைய சம்பளச் சீட்டைக் கண்டதுண்டு. தம்மை நம்பித் தந்தவர்களின் அந்தரங்கத்தைக் கிலோ கணக்கில் விற்பது பாவம்.  தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் நிறைவேறிய சட்டம், காரியம் முடிந்த விவரங்களை அழித்துவிட வேண்டும் என்னும் கடமையை வகுத்திருக்கிறது. பொடிப்பொடியாக நறுக்கி, நறுக்கிய நாளையும் பேரேட்டில் எழுதினோம்.

இத்தனையும் செய்துவிட்டால் போதுமா? போதாது என்பதை நம் ஊர்க் கோட்டைக்குள்ளேயே காணலாம். அங்கே உள்ள ஆவணக் காப்பகத்தில் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோவிலைச் சார்ந்த மதிலகம் ஆவணங்கள் ஓலைச் சுருணைகளாக இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. ஓலைகள் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. ஆனால் வட்டெழுத்தையும் கோலெழுத்தையும் மலையாண்மையையும் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் இன்று எத்தனை பேர்? பெரியவருடைய பெட்டியில் பழைய கணினித் தகடுகள் பன்னிரண்டு கிடைத்தன. தகடுகள் பழுதின்றி இருந்தன. அவற்றைப் படிக்கும் இயந்திரம்தான் சாலை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. ஓலையைக் காப்பவன் எழுத்தையும் காக்க வேண்டும். மின்பதிவைப் பின்னாளிலும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருந்தால்தான் அது வைத்திருந்ததாகக் கருதப்படும் என்று மேற்சொன்ன 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. ஆண்டுக்கொரு முறையேனும் கோப்புகளைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் புதிய சாதனத்துக்கு மாற்றிவிடுவதே வழி.

இனி, ஏஜெண்டு அல்லாத நமக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். நமக்கே அதிகம் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் வீடு மாறுவார்கள், கைபேசி எண் மாறுவார்கள். பெயரும் இடத்துக்கிடம் மாறும். ஊரில் தந்தை பெயரின் தலையெழுத்து. இங்கே ரேஷன் கார்டில் வீட்டுப்பெயர். பாலிசியில் இன்னொரு விதம். காகிதப் பாலிசி அலமாரியில் கிடந்தால், வீட்டை ஒழிக்கும்போதாவது எவர் கண்ணிலேனும் படும். மின்பாலிசி கண்ணில் படாது. அது இருப்பது அதை எடுத்தவருடைய கைபேசியிலும் மின்னஞ்சலிலும். அவர் கண்மூடினால், பூட்டுத் தெரியாத பெட்டியாகிவிடும்.

ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். பாலிசி எண், நிறுவனம், முதிரும் ஆண்டு, நாமினி யார், எந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுக்கப்பட்டுள்ளன என்பவற்றை அதில் எழுதி, வீட்டில் இருவருக்கேனும் இடத்தைச் சொல்லி வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். நாமினியாக வைத்தவர் காலமாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். பெயர் வேறுபாடுகளை உயிரோடிருக்கும்போதே திருத்திவிடுங்கள். பழைய பாலிசி ஏதேனும் இருக்குமோ என்ற ஐயமிருந்தால், கோரப்படாத தொகையைத் தேடிப் பார்க்கும் வசதி இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் இணையதளங்களில் இருக்கிறது. 10 ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத பணம் முதியோர் நல நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னும் 25 ஆண்டுகள் வரை, உரியவர்கள் தம் நிறுவனத்தின் வழியாகவே கோரிப் பெறலாம்.

வள்ளியூர்ப் பெண்மணி சென்ற வாரம் கணவருடன் இரயிலில் வந்தார். வாரிசுச் சான்றும் தந்தையின் மரணச் சான்றும் கொணர்ந்திருந்தார். மனு கொடுத்தாயிற்று. பணம் வர நாளாகும், பெருந்தொகையும் அன்று. ஆனால் அவர் முதலில் கேட்டது பணத்தையன்று, அந்த நோட்டை. தந்தை தவணை கட்டியபோதெல்லாம் இட்ட கையொப்பத்தின் மேல் விரலை வைத்து, வெகுநேரம் பேசாதிருந்தார். "இருபது வருஷமும் ஒரு தவணை விடவில்லையா?" என்று கேட்டார். "ஒன்றும் விடவில்லை, அக்கா" என்றார் ஏஜெண்டின் மகன்.

அறையை அவர் இம்மாதம் காலி செய்கிறார். பெட்டிகள் போய்விட்டன. அந்த ஒரு நோட்டை மட்டும் ஸ்கேன் செய்த பிறகும் எடைக்குப் போடவில்லை. நாமும் போடச் சொல்லவில்லை.