வெள்ளை அங்கியில் வந்த கடற்கன்னி

கடற்கன்னி உண்டென்று பாட்டி சொன்னால் சிரிக்கிறோம். வெள்ளை அங்கி அணிந்தவர் சொன்னால்? வாய்பிளந்து நம்புகிறோம்!

2012 மே மாதத்தில் ஒரு மாலை, அமெரிக்காவின் ‘அனிமல் பிளானட்’ தொலைக்காட்சி, கடற்கன்னியின் உடல் கிடைத்ததாகப் படம் காட்டியது. ஆய்வறிஞர்களாகத் தோன்றியவர் யார்? நடிகர்கள்! கடற்கன்னிக்குச் சான்றே இல்லையென அந்நாட்டு அரசின் கடலாய்வுத் துறை அறிக்கை விடவேண்டியதாயிற்று. வெட்கினரா? இல்லை. 2013-இல் தொடர்ச்சியும் வந்தது! அதே ஆண்டு ஆகஸ்டில், ‘டிஸ்கவரி’ தன் பங்குக்கு, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தொழிந்த மெகலடான் சுறாவை உயிர்ப்பித்து உலவவிட்டது. புனைவென்ற குறிப்போ, இறுதியில், கண்சிமிட்டும் நேரம்!

“பொழுதுபோக்குத்தானே” என்பர். பொழுது போகட்டும், புத்தியும் போகவேண்டுமா? கதையைக் கதையென்றே காட்டுக, குறை கூறோம். கதைக்கு விஞ்ஞான முடி சூட்டுவதன்றோ கயமை! வகுப்பறையில் நான் சான்று கேட்கக் கற்பிக்கிறேன். மாலையில் பெட்டி பொய்ச்சான்றை நீட்டுகிறது. நாளை மெய்யறிஞர் ஒருவர் பனிமலை உருகுகிறதென்று எச்சரித்தால், “இவரும் நடிகரோ?” என்பானே மாணவன்!

கண்டனம் எழுந்தது. 2015-இல் டிஸ்கவரியின் புதிய தலைவர், இத்தகைய பொய்ப்படம் இனி இல்லையென்றார். கேட்பவர் இருந்தால் பொய் அடங்கும். கோயிலில் கேட்ட கேள்வியைத் தொலைக்காட்சியிடமும் கேளுங்கள்: சான்று எங்கே?